லைப்ரரியை இணைக்கும் பொறுப்பு யாருக்கு? மேக், சிமேக், மீசான், பேசல்: ஓர் ஒப்பீடு

சிங்கப்பூரின் காக்கி புக்கிட் தொழிற்பேட்டையில் இருக்கும் எங்கள் குழு சிறியது. எழுதும் மென்பொருளும் அப்படியொன்றும் பெரிதில்லை. கட்டடங்களின் தண்ணீர் பம்புகள், குளிர்விப்பு இயந்திரங்கள், ஆலைகளின் மீட்டர்கள் ஆகியவற்றிடமிருந்து அளவுகளை வாங்கி மேலே அனுப்பும் ஒரு சி++ நிரல், அவ்வளவுதான். ஓடுவது லினக்ஸ் போட்ட சின்ன ஏஆர்எம் பெட்டிகளில். கூடவே நான்கு வெளி லைப்ரரிகள்: குறியாக்கத்துக்கு ஓப்பன்எஸ்எஸ்எல், தரவை அனுப்ப கர்ல், சேமிக்க எஸ்க்யூலைட், மீட்டர்களோடு பேச லிப்மோட்பஸ். பல வருடங்களாக ஒரே மேக்ஃபைலில், அதாவது நிரலைக் கட்டும் மேக் கருவிக்கான கட்டளைக் கோப்பில், வண்டி ஓடியது. இனி அதை இழுத்துக்கொண்டு போக முடியாது என்பதில் எல்லாருக்கும் சம்மதம். பதிலுக்கு எந்தப் பில்டு கருவி என்பதில்தான் ஆளுக்கொரு கட்சியாக இருந்தது. ஒருவர் சிமேக் என்றார், இன்னொருவர் மீசான் என்றார், பெரிய நிறுவனத்தில் இருந்துவிட்டு வந்தவர் பேசல் என்றார்.

இந்த மாதிரி விவாதம் சீக்கிரமே பில்டு வேகம், எழுதும் மொழியின் அழகு என்று திசை மாறிவிடும். என் அளவுகோல் வேறு. லைப்ரரியை இணைப்பதில் ஒரு தப்பு நடந்தால் அது எங்கே தெரியவரும்? கான்ஃபிகர் செய்யும்போதா, லிங்க் செய்யும்போதா, இல்லை வாடிக்கையாளரின் பம்பு அறையிலா? ஜூரோங் தீவில் இருக்கும் ஆலை என்றால் உள்ளே கால் வைக்கவே அனுமதி அட்டை வேண்டும். அதை வாங்கிக்கொண்டு போய், பெட்டியில் லேப்டாப்பைச் செருகி, 'இந்த ஷேர்ட் லைப்ரரியைத் திறக்க முடியவில்லை' என்ற ஒற்றை வரியைப் படிப்பதைவிட, அலுவலக மேசையிலேயே பில்டு உடைவது எவ்வளவோ மேல்.

லிங்கருக்குத் தெரிந்ததும் தெரியாததும்

கருவிகளுக்குப் போவதற்கு முன், கம்பைல் ஆன துண்டுகளையும் லைப்ரரிகளையும் சேர்த்து ஒரே நிரலாக்கும் லிங்கரைப் பார்த்துவிடுவோம். நான்கு கருவிகளும் கடைசியில் ஒரே லிங்கருக்குத்தான் வேலை சொல்கின்றன.

ஷேர்ட் லைப்ரரி, அதாவது டாட் எஸ்ஓ கோப்பு, தனக்கு வேறு எந்தெந்த லைப்ரரிகள் தேவை என்பதைத் தனக்குள்ளேயே குறித்து வைத்திருக்கும். நிரல் தொடங்கும்போது லோடர் அந்தக் குறிப்பைப் படித்து ஒவ்வொன்றாக ஏற்றும். ஸ்டாட்டிக் லைப்ரரி, அதாவது டாட் ஏ கோப்பு, அப்படியில்லை. அது ஆப்ஜெக்ட் கோப்புகளின், அதாவது கம்பைலர் தரும் துண்டுகளின், மூட்டை மட்டுமே. மளிகைக்கடைப் பை போல: உள்ளே சாமான் இருக்கும், சமைக்க இன்னும் என்னென்ன வேண்டும் என்ற சீட்டு இருக்காது.

இதோடு வரிசைப் பிரச்சினையும் சேர்ந்துகொள்ளும். குனூ லிங்கர் கட்டளையை இடமிருந்து வலமாகப் படிக்கிறது. ஒரு டாட் ஏ கோப்பை எட்டியதும், அதுவரை விடை கிடைக்காத சிம்பல்கள் (ஃபங்ஷன்கள், மாறிகளின் பெயர்கள்) அதில் இருக்கின்றனவா என்று தேடி, தேவையான ஆப்ஜெக்டுகளை மட்டும் உருவிக்கொண்டு அடுத்ததற்குப் போய்விடும். திரும்பிப் பார்க்காது. நம் நிரல் கர்லைக் கூப்பிடுகிறது, கர்ல் லிப்எஸ்எஸ்எல்லை, லிப்எஸ்எஸ்எல் லிப்கிரிப்டோவை (கடைசி இரண்டும் ஓப்பன்எஸ்எஸ்எல்லின் பகுதிகள்). கட்டளையிலும் அதே வரிசை வேண்டும். லிப்கிரிப்டோவை லிப்எஸ்எஸ்எல்லுக்கு முன்னால் எழுதினால், லிங்கர் அதைத் தாண்டும் நேரத்தில் அதன் சிம்பல்களை யாரும் இன்னும் கேட்டிருக்க மாட்டார்கள். கேட்கும்போது அது பின்னால் போயிருக்கும். திரை முழுக்க 'வரையறுக்கப்படாத சிம்பல்' என்று கொட்டும். லைப்ரரி இருக்கிறது, வழி சரி, பதிப்பும் சரி, ஆனாலும் பிழை. புதிதாக வருபவர்கள் தலையைப் பிய்த்துக்கொள்ளும் இடம் இது. எல்எல்விஎம் திட்டத்தின் எல்எல்டி லிங்கர் பார்த்த மூட்டைகளின் சிம்பல்களை நினைவில் வைத்துக்கொள்வதால் இந்த வரிசைக்கு அவ்வளவாக அடம்பிடிக்காது. ஆனால் பெட்டி வெண்டார்கள் தரும் டூல்செயினில் (கம்பைலர், லிங்கர் அடங்கிய தொகுப்பில்) இன்னமும் குனூ லிங்கர் இருப்பதே வழக்கம்.

ஆக, ஸ்டாட்டிக் லைப்ரரியின் சார்புகளை வேறு யாராவது நினைவில் வைத்திருக்க வேண்டும். அந்த நினைவை எங்கே வைப்பது என்பதில்தான் நான்கு கருவிகளும் பிரிகின்றன.

மேக்கோடு இருந்துவிட்டால்?

மேக்கை ஸ்டூவர்ட் ஃபெல்ட்மன் பெல் ஆய்வகத்தில் 1976-இல் எழுதினார். கோப்பு எது, அது எதைவிடப் பழையது, பழையது என்றால் எந்தக் கட்டளையை ஓட்டுவது: அதற்குத் தெரிந்தது இவ்வளவுதான். லைப்ரரி என்று ஒன்று உலகத்தில் இருப்பதே அதற்குத் தெரியாது. 'இந்த லைப்ரரியை இணை' என்று லிங்கருக்குச் சொல்லும் 'மைனஸ் எல்' ஃபிளாகுகளை எந்த வரிசையில் போடுவது என்பது மேக்ஃபைலை எழுதியவரின் தலையில் இருக்கிறது. அவர் வேறு வேலைக்குப் போனால் அதுவும் கூடவே போய்விடும்.

இந்தக் குறையைப் பாதி அடைப்பது பிகேஜி-கான்ஃபிக். ஒவ்வொரு லைப்ரரியும் தன்னோடு ஒரு டாட் பிசி கோப்பை நிறுவும். அதில் இரண்டு பட்டியல்கள்: ஷேர்டாக இணைப்பவருக்கு வேண்டியவை ஒன்று, ஸ்டாட்டிக்காக இணைப்பவருக்குக் கூடுதலாக வேண்டியவை 'பிரைவேட்' என்ற பெயரில் இன்னொன்று. ஸ்டாட்டிக் என்று சொல்லிக் கேட்டால்தான் இரண்டாவது பட்டியல் வரும். சொல்லாமல் கேட்டுவிட்டு 'பிகேஜி-கான்ஃபிக் சரியில்லை' என்று புலம்புவோர் ஏராளம்.

எங்களைப் போலக் கிராஸ்-கம்பைல் செய்பவர்களுக்கு இன்னொரு கண்ணி. இன்டெல் கணினியில் உட்கார்ந்து ஏஆர்எம்முக்கு பில்டு செய்கிறோம். பிகேஜி-கான்ஃபிக்கின் 'பாத்' மாறியில் ஏஆர்எம் கோப்பகத்தைச் சேர்த்தால் அது கூடுதலாக ஒரு இடத்தையும் தேடும். ஏஆர்எம் பக்கம் ஒரு லைப்ரரி இல்லையென்றால் பேசாமல் நம் சொந்தக் கணினியின் பிசி கோப்பை எடுத்து நீட்டிவிடும். மாற்ற வேண்டியது 'லிப்டிர்' மாறியை. அதுதான் வழக்கமான தேடல் இடங்களை அடியோடு மாற்றும். இரண்டும் ஒன்றுதானே என்று நினைத்து மாற்றிப் போட்டால் ஒரு நாள் சாயங்காலம் அதிலேயே போகும்.

மேக் மோசம் என்று சொல்ல வரவில்லை. ஒரே நிரல், இரண்டு மூன்று ஷேர்ட் லைப்ரரி, ஒரே மேடை என்றால் மேக்கும் பிகேஜி-கான்ஃபிக்கும் தாராளமாகப் போதும். அங்கே சிமேக்கைக் கொண்டுபோய் வைப்பது வீண் ஆடம்பரம்.

மேக்கோடு சேர்த்துப் பயன்படுத்தப்பட்ட பழைய இணைப்புக் கருவியான லிப்டூல் பற்றி ஒரு வரி: சார்புகளை டாட் எல்ஏ கோப்புகளில் எழுதி வைத்தது அதுதான். ஆனால் ஷேர்டாக இணைக்கும்போதும் மொத்தச் சங்கிலியையும் கட்டளையில் அள்ளிப் போட்டது. நாம் நேரடியாகத் தொடாத லைப்ரரிகள்கூட நம் நிரலின் தேவைப் பட்டியலில் ஏறின. டெபியன் போன்ற விநியோகங்கள் அந்த எல்ஏ கோப்புகளைத் தேடித்தேடி நீக்கியதற்குக் காரணம் இது. புதிதாகத் தொடங்கும் யாருக்கும் இதை நான் சொல்ல மாட்டேன்.

சிமேக்: பெயரில் இருக்கிறது சூட்சுமம்

கிட்வேர் நிறுவனம் 2000-ஆம் ஆண்டுவாக்கில் தொடங்கிய சிமேக்குக்கு இப்போது இரண்டு முகங்கள். பழைய முகத்தில் எல்லாமே மாறிகள், உரைத்துண்டுகள்: இந்த ஃபிளாகை அந்தப் பட்டியலில் ஒட்டு, அந்தப் பட்டியலை இங்கே கொட்டு. அது கொஞ்சம் அலங்கரித்த மேக்ஃபைல், வேறொன்றுமில்லை. சிமேக்கைத் திட்டுகிறவர்கள் பெரும்பாலும் இந்த முகத்தைப் பார்த்தவர்கள்.

2.8 வரிசையின் கடைசிப் பதிப்புகளில் தொடங்கி 2014-இல் வந்த 3.0-இல் நிலைபெற்ற முகம் வேறு. இதில் லைப்ரரி என்பது 'டார்கெட்' எனும் பொருள். தன்னைப் பயன்படுத்துபவருக்கு எந்த ஹெடர் கோப்பகம், எந்த ஃபிளாக், எந்தக் கூடுதல் லைப்ரரி வேண்டும் என்பதையெல்லாம் அந்தப் பொருளே சுமக்கும். இணைக்கும்போது மூன்றில் ஒரு சொல்லைப் போடுகிறோம்: பப்ளிக், பிரைவேட், இன்டர்ஃபேஸ். கர்லை என் உள்வேலைக்கு மட்டும் பயன்படுத்துகிறேன் என்றால் பிரைவேட். என் ஹெடரிலேயே கர்லின் வகைகள் தலைகாட்டுகின்றன என்றால் பப்ளிக். நானே ஹெடர் மட்டும்தான், என்னைப் பயன்படுத்துபவருக்குத்தான் அது தேவை என்றால் இன்டர்ஃபேஸ்.

இங்கே கவனிக்க வேண்டிய நுணுக்கம் ஒன்று உண்டு. ஒரு ஸ்டாட்டிக் லைப்ரரிக்குள் கர்லை பிரைவேட்டாக இணைத்தாலும், கடைசி நிரலை லிங்க் செய்யும்போது சிமேக் கர்லைக் கட்டளையில் சேர்த்துக்கொள்ளும். ஹெடர் வழிகள் மறைந்துவிடும், லிங்க் தேவை மட்டும் கடந்துபோகும். டாட் ஏ கோப்பில் அந்தச் சீட்டு இல்லை என்பது சிமேக்குக்குத் தெரியும், அதனால் தானே எழுதி வைத்துக்கொள்கிறது. வரிசையையும் அதுவே பார்த்துக்கொள்ளும். இரண்டு ஸ்டாட்டிக் லைப்ரரிகள் ஒன்றையொன்று கூப்பிட்டாலும், இரண்டையும் திரும்ப எழுதி லிங்கரைச் சமாளிக்கும்.

சரி, தப்பு எங்கே தெரியும்? இதற்கு விடை இரட்டைப்புள்ளிகளில் இருக்கிறது. இணைக்க வேண்டிய பெயராக வெறுமனே 'எஸ்எஸ்எல்' என்று எழுதினால், அந்தப் பெயரில் டார்கெட் இல்லாதபோது சிமேக் அதை ஒரு சாதாரண லைப்ரரிப் பெயராக எடுத்து 'மைனஸ் எல்' போட்டு லிங்கரிடம் தள்ளிவிடும். எழுத்துப்பிழை இருந்தாலும் அப்படித்தான், லிங்கர் வரை போன பிறகே தெரியும். அதைவிட மோசம், நம் கணினியில் தற்செயலாக அதே பெயரில் ஒரு லைப்ரரி இருந்தால் பில்டு வெற்றிகரமாக முடிந்துவிடும். 'ஓப்பன்எஸ்எஸ்எல்::எஸ்எஸ்எல்' என்று எழுதினால் நிலைமை வேறு. நடுவில் :: வரும் பெயர் டார்கெட்டாகத்தான் இருந்தாக வேண்டும், இல்லையென்றால் லிங்கர் பக்கம் போகாமலே சிமேக் நின்றுவிடும். ஒரு பில்டு கோப்பைத் திறந்தால் நான் முதலில் தேடுவது இந்த நான்கு புள்ளிகளைத்தான்.

குறைகளும் கொஞ்சமல்ல. வெளி லைப்ரரியைத் தேடச் சொல்லும்போது 'ரெக்வயர்டு' என்ற சொல்லைச் சேர்க்காவிட்டால், கிடைக்கவில்லை என்று குறித்துக்கொண்டு சிமேக் பாட்டுக்கு மேலே போகும். தேடும் மாட்யூல்கள் ஒவ்வொன்றும் ஒவ்வொருவர் கைவண்ணம். ஸ்டாட்டிக் வேண்டுமென்று சொல்ல ஓப்பன்எஸ்எஸ்எல்லுக்கு ஒரு மாறி, பூஸ்டுக்கு இன்னொரு மாறி. பொதுவான ஒரே வழி கிடையாது. மொழியோ, அதை ரசித்து எழுதியவர் யாரையும் நான் இதுவரை சந்தித்ததில்லை.

பிசி கோப்பு மட்டும் தரும் லைப்ரரிகளுக்கும் கதவு திறந்திருக்கிறது. 3.6 பதிப்பு முதல், பிகேஜி-கான்ஃபிக் சொல்லும் விவரத்தை அப்படியே ஒரு டார்கெட்டாக மாற்றித் தரும் வசதி உண்டு. லிப்மோட்பஸை நாங்கள் இணைப்பது அந்த வழியில்தான்.

மீசான்

யூசி பாக்கனென் 2012-இல் தொடங்கிய மீசானை எனக்குப் பிடிக்கும். லினக்ஸில் சேவைகளை நடத்தும் சிஸ்டம்டி, கிராபிக்ஸ் லைப்ரரியான மீசா, கினோம் திட்டத்தின் ஏராளமான லைப்ரரிகள் இதற்கு மாறிவிட்டன. போஸ்ட்கிரெஸ் தரவுத்தளம் 16-ஆம் பதிப்பில், 2023-இல், இதையும் ஒரு பில்டு வழியாகச் சேர்த்தது. சார்பு வேண்டும் என்று பெயர் சொல்லிக் கேட்டால், முதலில் பிகேஜி-கான்ஃபிக்கைப் பார்க்கும், அடுத்து சிமேக்கின் தகவலைப் பார்க்கும், அதுவும் இல்லையென்றால் நாம் ஒரு ராப் கோப்பு (மூலம் எங்கே கிடைக்கும் என்ற குறிப்பு) வைத்திருந்தால் மூலத்தை இறக்கிக் கூடவே பில்டு செய்துவிடும். எதுவும் கிடைக்காவிட்டால் அங்கேயே நிற்கும். சிமேக்கில் நாம் கேட்டு வாங்க வேண்டிய கண்டிப்பு இங்கே இயல்பிலேயே இருக்கிறது. இந்த ஒரு விஷயத்தில் என் அளவுகோல்படி மீசானுக்கே கூடுதல் மதிப்பெண்.

ஸ்டாட்டிக் லைப்ரரிகளைக் குழுவாகக் கட்டி லிங்கரிடம் கொடுப்பதால் வரிசைத் தொல்லையும் இல்லை. கிராஸ்-கம்பைலுக்கு ஒரே ஒரு கிராஸ் கோப்பு: கம்பைலர், சிஸ்ரூட் (பெட்டியில் இருக்கும் லைப்ரரி, ஹெடர் கோப்புகளின் நகல்), பிகேஜி-கான்ஃபிக் தேட வேண்டிய இடம், எல்லாம் அதில் அடங்கும். மேலே சொன்ன 'லிப்டிர்' கண்ணிக்கு இங்கே வேலை குறைவு.

ஒரு ஓட்டை உண்டு. ஓப்பன்எஸ்எஸ்எல் ஸ்டாட்டிக்காக வேண்டும் என்று கேட்கிறோம், டாட் ஏ கோப்பு நிறுவப்படவில்லை, ஆனால் டாட் எஸ்ஓ இருக்கிறது என்று வையுங்கள். ஸ்டாட்டிக் கோப்பு கிடைக்கவில்லை, ஸ்டாட்டிக்காக இணைக்கப்படாமல் போகலாம் என்று ஒரு எச்சரிக்கையை அச்சிட்டுவிட்டு மீசான் தொடரும். சிஐ (ஒவ்வொரு மாற்றத்தையும் தானாகக் கட்டிச் சோதிக்கும் அமைப்பு) பதிவில் அந்த மஞ்சள் வரியை யார் பார்க்கிறார்கள்?

எங்கள் குழுவில் மீசான் ஏன் தோற்றது என்பதற்குத் தொழில்நுட்பக் காரணம் பெரிதாக இல்லை. கோயம்புத்தூரிலிருந்து வந்து சேர்ந்த தம்பிதான் அதற்காக வாதாடியவர். "அண்ணே, நாலு வரியில முடிஞ்சிடும், எதுக்கு இந்த சிமேக்கோட மல்லுக்கட்டணும்?" என்று கேட்டார். "நம்ம பக்கம் நாலு வரிதான் தம்பி. வெண்டார் குடுக்கிற எஸ்டிகேயில சிமேக் டூல்செயின் கோப்புதான் இருக்கு. அவன் பதிப்பு மாத்துறப்பல்லாம் கிராஸ் கோப்பை யாரு உட்கார்ந்து திருத்துறது?" என்றேன். வெண்டார் மீசானையும் ஆதரித்திருந்தால் என் பதில் வேறாக இருந்திருக்கும்.

பேசல்

கூகுள் தன் உள்வேலைக்காக எழுதி 2015-இல் வெளியே விட்டது. நான்கில் மிகக் கறாரான கருவி இதுதான். ஒவ்வொரு லைப்ரரியும் தன் நேரடிச் சார்புகளை அறிவித்தாக வேண்டும், சார்புச் சங்கிலியில் எங்குமே அறிவிக்காத லைப்ரரியின் ஹெடர் பேசலின் சாண்ட்பாக்ஸுக்குள் கண்ணிலேயே படாது. லிங்க் ஃபிளாகுகள் லைப்ரரியிலிருந்து மேல்நோக்கித் தாமாக ஏறும். இயல்பான வழக்கமும் யோசித்து வைத்தது: வெளியிடும் நிரலுக்குத் தன் லைப்ரரிகளை ஸ்டாட்டிக்காக இணைக்கும், டெஸ்டுகளுக்கு ஷேர்டாக இணைக்கும். டெஸ்டுகள் நூற்றுக்கணக்கில் இருந்தால் லிங்க் நேரமும் வட்டு இடமும் மிச்சம்.

கஷ்டம் எங்கே என்றால், இயங்குதளம் ஏற்கனவே நிறுவி வைத்திருக்கும் லைப்ரரியை எடுத்துக்கொள்வது பேசலுக்கு ஒவ்வாத காரியம். எல்லாவற்றையும் மூலத்திலிருந்து, தன் விதிகளின்படி கட்டவே அதற்கு விருப்பம். தன் பதிவகத்தில் ஏற்கனவே இருக்கும் லைப்ரரி என்றால் நிம்மதி. இல்லையென்றால் ஒவ்வொன்றுக்கும் பில்டு கோப்பை நாமே எழுதி, லைப்ரரி புதுப்பிக்கப்படும்போதெல்லாம் நாமே பராமரிக்க வேண்டும். வெளிச் சார்புகளை அறிவிக்கும் முறையும் பழைய ஒர்க்ஸ்பேஸ் கோப்பிலிருந்து புதிய மாட்யூல் முறைக்கு மாறியது. 8-ஆம் பதிப்பில் பழைய முறை இயல்பாகவே அணைக்கப்பட்டது. இதற்கென்றே ஓர் ஆள் இருக்கும் நிறுவனத்துக்கு இதெல்லாம் பொருட்டில்லை. நாலைந்து பேர் குழுவுக்கு? நான் சேர்த்துக்கொள்ள மாட்டேன்.

நான்கையும் சோதிக்க ஒரு கேள்வி

வழக்கமான லைப்ரரியை எந்தக் கருவியும் எப்படியோ இணைத்துவிடும். வித்தியாசம் தெரிய வேண்டுமென்றால் கொஞ்சம் கோணலான ஒன்றைக் கொடுக்க வேண்டும். எங்களிடம் அப்படி ஒன்று இருக்கிறது. ஒவ்வொரு மீட்டர் வகைக்கும் ஒரு டிரைவர் கோப்பு. நிரல் தொடங்கும் முன்பே ஒரு குளோபல் பொருளின் கன்ஸ்ட்ரக்டர் வழியாக, 'நான் இருக்கிறேன்' என்று அந்த டிரைவர் தன்னைப் பட்டியலில் பதிவு செய்துகொள்ளும். வேறு எந்தக் கோப்பும் அதைப் பெயர் சொல்லிக் கூப்பிடாது.

இந்த டிரைவர்களை ஒரு ஸ்டாட்டிக் லைப்ரரியில் போட்டால் என்ன ஆகும்? யாரும் கேட்காத ஆப்ஜெக்டை லிங்கர் உருவுவதில்லை. கம்பைல் ஆகும், லிங்க் ஆகும், ஒரு எச்சரிக்கைகூட வராது. பெட்டியில் ஏற்றி ஓட்டினால் டிரைவர் பட்டியல் காலி, மீட்டர்கள் எல்லாம் 'அறியாத வகை'.

மேக்கில் இதற்கு மருந்து, அந்த லைப்ரரிக்கு முன்னால் 'மூட்டை முழுவதையும் எடு' என்ற ஃபிளாக், பின்னால் 'போதும்' என்ற ஃபிளாக். பின்னதை மறந்தால் அதற்கு அடுத்து வரும் எல்லா மூட்டைகளும் முழுசாக உள்ளே வந்துவிடும். சிமேக்கில் நெடுங்காலம் இதே ஃபிளாகுகளைத்தான் கையால் நுழைக்க வேண்டியிருந்தது, 3.24 பதிப்பில்தான் முறையான வழி வந்தது. பழைய சிமேக்கோடு இருப்பவர்கள் டிரைவர்களை மூட்டையாகக் கட்டாமல் ஆப்ஜெக்ட் லைப்ரரியாக வைத்துக்கொள்ளலாம், நாங்கள் அதைத்தான் செய்கிறோம். மீசானில் லைப்ரரியை இணைக்கும் இடத்தில் 'லிங்க் ஹோல்' என்று ஒரு சொல். பேசலில் லைப்ரரியின் அறிவிப்பிலேயே 'ஆல்வேஸ்லிங்க்' என்று ஒரு பண்பு. எனக்குப் பிடித்தது பேசலின் வழி. தன்னை முழுசாக எடுக்க வேண்டும் என்பது அந்த லைப்ரரியின் குணம், அதைப் பயன்படுத்துபவர் ஒவ்வொருவரும் நினைவில் வைத்திருக்க வேண்டிய சமாச்சாரம் அல்ல.

ஸ்டாட்டிக்கா ஷேர்டா?

கருவி எதுவானாலும் இந்தக் கேள்வி தனியே நிற்கும். 'எல்லாவற்றையும் ஸ்டாட்டிக்காகப் போட்டு ஒரே கோப்பாக அனுப்பிவிடலாமே' என்பது எல்லாருக்கும் முதலில் வரும் ஆசை. மூன்று இடங்களில் அது முட்டும்.

முதலாவது ஜிலிப்சி, லினக்ஸின் வழக்கமான சி லைப்ரரி. அதையே ஸ்டாட்டிக்காக இணைத்தால், பெயரை ஐபி முகவரியாக மாற்றும் வேலை ஓடும் நேரத்தில் அதே பதிப்பின் ஷேர்ட் கோப்புகளைத் தேடும். லிங்கரே இதை எச்சரிக்கும். முழு ஸ்டாட்டிக் வேண்டுமென்றால் மஸ்ல் போன்ற வேறு சி லைப்ரரிக்குப் போக வேண்டும்.

அடுத்தது உரிமம். லிப்மோட்பஸ் எல்ஜிபிஎல் உரிமத்தில் வருகிறது. அதை ஷேர்டாக இணைத்தால் பெரிய சிக்கல் இல்லை. ஸ்டாட்டிக்காக இணைத்தால், வாடிக்கையாளர் மாற்றிய லிப்மோட்பஸோடு நம் நிரலைத் திரும்ப இணைத்துக்கொள்ள ஏதுவாக ஆப்ஜெக்ட் கோப்புகளையாவது தர வேண்டியிருக்கும். எந்த முதலாளி அதற்குச் சம்மதிப்பார்?

கடைசியாகப் பாதுகாப்பு, இதில் இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது. 2014-இல் ஹார்ட்பிளீட் ஓட்டை வெளிவந்தபோது ஷேர்டாக இணைத்தவர்கள் ஓப்பன்எஸ்எஸ்எல் ஒன்றைப் புதுப்பித்து, சேவைகளை மறுபடி தொடங்கினார்கள். ஸ்டாட்டிக்காக இணைத்தவர்கள் ஒவ்வொரு நிரலையும் திரும்பக் கட்டி அனுப்ப வேண்டியிருந்தது. ஆனால் பெட்டியின் இயங்குதளத்தை வெண்டார் சரியாகப் புதுப்பிக்காவிட்டால், ஷேர்ட் என்பது அவர் கையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதுதான். சிங்கப்பூரில் இன்னொரு கணக்கும் உண்டு. இணையப் பாதுகாப்பு அமைப்பு 2020-இல் கொண்டுவந்த சாதன முத்திரைத் திட்டத்தில் மூன்றாம் நிலைக்கு மென்பொருளின் பைனரியையே ஆராய்கிறார்கள். திட்டம் முதன்மையாக வீட்டுச் சாதனங்களுக்கானது, எங்கள் பெட்டி அந்த வகையில் வராது. ஆனாலும் பழைய லைப்ரரியை நிரலுக்குள் புதைத்துவிட்டால் யாருக்கும் தெரியாது என்ற நினைப்பு இனி எடுபடாது.

யார் யார் உள்ளே வருகிறார்கள் என்பதற்கு 2024 மார்ச்சில் வெளியான எக்ஸ்இசட் விவகாரத்தைவிட நல்ல உதாரணம் இல்லை. எக்ஸ்இசட் என்பது தரவைச் சுருக்கும் மென்பொருள், அதன் லைப்ரரி லிப்எல்இசட்எம்ஏ. தொலைவிலிருந்து கணினிக்குள் நுழைய உதவும் ஓப்பன்எஸ்எஸ்எச் அந்த லைப்ரரியைத் தொடுவதேயில்லை. சில லினக்ஸ் விநியோகங்கள், சேவை தயார் என்று சிஸ்டம்டிக்குச் சொல்ல, ஓப்பன்எஸ்எஸ்எச்சின் சேவை நிரலான எஸ்எஸ்எச்டியோடு லிப்சிஸ்டம்டியை இணைத்தன. லிப்சிஸ்டம்டி லிப்எல்இசட்எம்ஏவை இழுத்துவந்தது. அதன் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் பின்வாசல். அதைத் தூண்டும் துண்டு கிட் களஞ்சியத்தில் இல்லை, வெளியீட்டு மூட்டையில் இருந்த ஓர் ஆட்டோகான்ஃப் மேக்ரோ கோப்பில் ஒளிந்திருந்தது. எஸ்எஸ்எச் நுழைவு வழக்கத்தைவிட அரை விநாடி தாமதமாகிறதே என்று ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் என்ற மென்பொருள் பொறியாளர் குடைந்து பார்த்ததால் வெளிச்சத்துக்கு வந்தது. நேரடியாகக் கேட்காத லைப்ரரி இரண்டாம் கட்டத்தில் இப்படித்தான் நுழைகிறது. நான்கு பில்டு கருவிகளில் எதுவும் இதைத் தானாகத் தடுத்திருக்காது.

எங்கள் முடிவு இது. பில்டு கருவி சிமேக், டார்கெட் முறையில் மட்டும், வெளி லைப்ரரி எல்லாவற்றுக்கும் 'ரெக்வயர்டு', பெயர்களில் இரட்டைப்புள்ளிகள். நாங்களே எழுதிய லைப்ரரிகள் ஸ்டாட்டிக். எஸ்க்யூலைட் ஒரே சி கோப்பாகக் கிடைப்பதால் அதையும் நிரலோடு சேர்த்தே கம்பைல் செய்கிறோம். ஓப்பன்எஸ்எஸ்எல், கர்ல், லிப்மோட்பஸ் மூன்றும் பெட்டியின் இயங்குதளத்தில் இருப்பவற்றையே ஷேர்டாக. லினக்ஸுக்கு மட்டும் எழுதுபவர், வெண்டார் எஸ்டிகே தொல்லை இல்லாதவர் என்றால் தயங்காமல் மீசானுக்குப் போகலாம். ஒரே களஞ்சியத்தில் பல குழுக்கள் வேலை செய்தால் பேசலைப் பரிசீலிக்கலாம்.

ஷேர்டாக இணைப்பதால் எங்களுக்கு வரும் தலைவலிகள் இரண்டு. ஒன்று, பதிப்பு மாற்றம். ஓப்பன்எஸ்எஸ்எல் 1.1-லிருந்து 3-க்குப் போனபோது கோப்பின் பெயரில் இருக்கும் எண்ணே மாறியது. 1.1-க்கு இணைத்த நிரல் 3 மட்டும் இருக்கும் உபுண்டு 22.04-இல் ஏறவே ஏறாது. ஜிலிப்சி 2.34-இல், அதுவரை தனிக் கோப்பாக இருந்த பிதிரெட் லைப்ரரி உள்ளே இணைக்கப்பட்டது. அந்தப் பதிப்பிலோ அதற்குப் பிந்தியதிலோ கட்டிய நிரலைப் பழைய பெட்டியில் வைத்தால் '2.34 கிடைக்கவில்லை' என்று நின்றுவிடும். இதற்குப் பில்டு கருவியில் மருந்து இல்லை. பெட்டியில் இருக்கும் அதே சிஸ்ரூட்டை வைத்துக் கட்டுவது ஒன்றே வழி.

இரண்டாவது, ஆர்பாத், அதாவது லைப்ரரிகளை எங்கே தேடுவது என்று நிரலுக்குள் எழுதி வைக்கும் வழி. சிமேக்கும் மீசானும் பில்டு கோப்பகத்தில் இருக்கும் நிரலுக்குள் அங்கிருக்கும் லைப்ரரிகளின் வழியை எழுதி வைத்து, இன்ஸ்டால் செய்யும்போது அதை நீக்கிவிடும். இன்ஸ்டால் படியைத் தாண்டிவிட்டு பில்டு கோப்பகத்திலிருந்தே நிரலை நகலெடுத்துப் பெட்டியில் போட்டால், நம் கணினியின் ஹோம் கோப்பக வழி அதற்குள்ளேயே பயணம் போகும். நிரலுக்குப் பக்கத்திலேயே லைப்ரரியை வைக்க விரும்பினால் 'டாலர் ஒரிஜின்' என்று ஆர்பாத்தை நாமே குறிப்பிட வேண்டும். மேக்கில் அந்த டாலரை இரண்டாக எழுதி ஒற்றை மேற்கோளுக்குள் வைக்காவிட்டால் மேக் பாதியைத் தின்றுவிடும், ஷெல் மீதியை.

இவை எல்லாவற்றையும் பெட்டிக்குப் போகும் முன் பார்த்துவிட ஒரு வழி உண்டு. இன்டெல் கணினியில் இருந்துகொண்டு ஏஆர்எம் நிரலை, தேவையான லைப்ரரிகளைப் பட்டியலிடும் எல்டிடி கருவியிடம் கொடுத்தால், இது டைனமிக் நிரலே இல்லை என்று கையை விரிக்கும். நிரல் கோப்பின் உள்ளமைப்பைக் காட்டும் ரீட்எல்ஃபிடம் டைனமிக் பகுதியைக் காட்டச் சொன்னால் எந்த மேடையின் நிரலாக இருந்தாலும் நேரடித் தேவைப் பட்டியலையும் ஆர்பாத்தையும் வரிசையாகக் கொட்டும். எங்கள் சிஐயில் ஒரு சின்ன ஸ்கிரிப்ட் அந்தப் பட்டியலை அனுமதிக்கப்பட்ட பெயர்களோடு ஒப்பிடுகிறது. புதிய பெயர் ஒன்று வந்தாலோ, ஆர்பாத்தில் ஹோம் கோப்பகம் தலைகாட்டினாலோ பில்டு சிவப்பாகிவிடும். இதற்கு சிமேக் தேவையில்லை. மேக்ஃபைலோடு இருப்பவர்கள், மாறுவதா வேண்டாமா என்ற விவாதம் முடிவதற்கு முன்பே இதைச் சேர்த்துக்கொள்ளலாம்.